இரண்டு உயிருக்கு இரண்டு ஆள்: கட்சிரோலிக் காட்டுவழியில்

பல்லார்ஷா

சென்னையிலிருந்து வடக்கே போகும் ரயில்கள் பல்லார்ஷாவில் சற்று நேரம் நிற்கும். தண்ணீர் பிடிக்கவும் தேநீர் குடிக்கவும் இறங்குபவர்கள் உண்டு. பெட்டியோடு இறங்கி ஊருக்குள் போகிறவர்கள் குறைவு. நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காற்றிலேயே நிலக்கரித் தூசி தெரிகிறது. சுற்றுவட்டாரம் முழுக்கச் சுரங்கங்கள். பக்கத்திலேயே பல்லார்பூர் காகித ஆலை. கிழக்கே கட்சிரோலிக் காட்டின் மூங்கில் அந்த ஆலைக்குத்தான் காலகாலமாக லாரி லாரியாக வந்தது. நான் போகவேண்டிய திசையும் அதுவே.

மருத்துவமனைக்குப் போய்ச் சேருமுன் குழந்தை பிறந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? நம் ஊரில் யாரைக் கேட்டாலும் ‘108-க்குப் போன் பண்ணணும்’ என்பார்கள். சரியான பதில்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஐந்தாவதோ பத்தாவதோ படித்த கிராமத்துப் பெண்களுக்கு அந்தப் பதிலைக் கற்றுக்கொடுத்துப் பார்த்த இடம் கட்சிரோலி. அதைப் பற்றி வாசித்த நாளிலிருந்து அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

வண்டி ஓட்ட வந்த தம்பிக்குச் சொந்த ஊர் அஹேரி. தெலங்கானா எல்லையை ஒட்டிய தெற்குக் கட்சிரோலியில் தெலுங்கு புழங்குவதால் என் அரைகுறைத் தெலுங்கு கைகொடுத்தது. “இந்தப் பக்கம் வர்றவங்க எல்லாம் புலி பார்க்க தடோபாவுக்குப் போவாங்க. நீங்க எதுக்கு அக்கா கட்சிரோலி?” என்றார். காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டினார். பிறகு தன் தங்கைக்கு நடந்ததைச் சொன்னார். ஆலாப்பள்ளிக்குப் போகும் காட்டுச் சாலையில் இவர் ஓட்டிய ஜீப்பிலேயே தங்கைக்குக் குழந்தை பிறந்துவிட்டது. பின்னால் மாமியார் மட்டும். “பின்னாடி கத்துறாங்க. வண்டியை நிறுத்தணுமா, வேகமா ஓட்டணுமான்னு எனக்குத் தெரியலை. ஓட்டிக்கிட்டே இருந்தேன்.” தாயும் பிள்ளையும் நலம். பையன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஆனாலும் நிறுத்துவதா ஓட்டுவதா என்ற கேள்விக்கு அவருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. அந்தக் கேள்வியும் எங்களோடு வண்டியில் வந்தது.

வைன்கங்கா

சந்திரபூர், மூல், சாவலி என்று ஊர்கள் கழிந்தன. மழைக்காலம் முடியும் தறுவாய். இருபுறமும் நெல் வயல். மகாராஷ்டிரம் என்றால் சோளமும் பருத்தியும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்தக் கிழக்கு விதர்ப்பம் ஆச்சரியம் தரும். ஏரி, கால்வாய், வரப்பில் கொக்கு என்று தஞ்சாவூர்க்காரர்கள் சொந்த ஊர் போலவே உணர்வார்கள். சட்டென்று வைன்கங்கா ஆறு வருகிறது. அகலமான ஆறு, செம்மண் நிறத்தில் வெள்ளம். பாலத்துக்கு இந்தப் பக்கம் சந்திரபூர் மாவட்டம், அந்தப் பக்கம் கட்சிரோலி. 1982-இல் சந்திரபூரிலிருந்து பிரித்து உருவாக்கிய மாவட்டம் இது. நிலத்தில் முக்கால் பங்குக்கு மேல் காடு. செய்தித்தாளில் கட்சிரோலி என்ற பெயர் வந்தால் மாவோயிஸ்டு, கண்ணிவெடி, என்கவுன்ட்டர் என்று ஏதாவது ஒன்று கூடவே வரும். வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவுதான் தெரியும்.

கட்சிரோலி நகரம் சிறியது. மதியச் சாப்பாட்டுக் கடையில் சோறு, துவரம்பருப்பு வரண், அம்படி கீரை. நாம் புளிச்சகீரை என்போமே, அதே இனம். காய்ந்த மிளகாய் தாளித்துக் கொட்டியிருந்தார்கள். கூடவே ஒரு கிண்ணத்தில் மூங்கில் குருத்துப் பொரியல். லேசான புளிப்பும் மண்வாசனையும். பரிமாறிய அம்மாள் நான் குருத்தை ஒதுக்கிவிடுவேனோ என்று பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாம் முறை கேட்டு வாங்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. “மழை முடிஞ்சா இது கிடைக்காது” என்று சொல்லி இன்னும் கொஞ்சம் வைத்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். ஷோத்கிராம் என்றதும், “அங்கேதான் என் மூத்தவளுக்கு ஆபரேஷன் நடந்தது” என்றார். பிறகு போகுமிடமெல்லாம் இப்படி யாராவது ஒருவர் ஏதாவது ஒரு கதையோடு வந்துகொண்டே இருந்தார்கள்.

ஷோத்கிராம்

நகரத்திலிருந்து தானோரா சாலையில் 17 கிலோமீட்டர். வாசலைத் தாண்டியதும் மருத்துவமனைக்குள் நுழைந்த உணர்வே வரவில்லை. ஓட்டுக் கூரைக் குடில்கள், நடுவே மரங்கள், முன்னால் தந்தேஸ்வரி அம்மன். மருத்துவர்களான அபய் பங், ராணி பங் தம்பதியர் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச்சுகாதாரம் படித்து முடித்து 1986-இல் இந்த மாவட்டத்துக்கு வந்தார்கள். இந்த வளாகம் அவர்கள் நிறுவனத்துடையது; நிறுவனத்தின் பெயர் ‘சர்ச்’ (SEARCH). தேடல் என்று பொருள். பெரிய கட்டடமும் வெள்ளை அங்கியும் எங்களுக்குப் பயம், நோயாளியோடு வரும் சொந்தக்காரர்கள் தங்க இடமில்லாத ஆஸ்பத்திரி எதற்கு என்று கோண்டுப் பழங்குடிகள் சொன்னார்களாம். அதைக் கேட்டு அவர்கள் கிராமத்தைப் போலவே ஆஸ்பத்திரியைக் கட்டி, அவர்கள் அம்மன் பெயரையே வைத்தார்கள்.

1993-இல் இங்கே ஒரு கள ஆய்வு தொடங்கியது. அப்போது இந்தக் கிராமங்களில் பிறந்த 1,000 குழந்தைகளில் 62 குழந்தைகள் 28 நாளுக்குள் இறந்தன. பெரும்பாலான பிரசவம் வீட்டில்தான். மருத்துவமனை தொலைவில், போக வண்டியில்லை, கையில் காசில்லை. 39 கிராமங்களில் படித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து ‘ஆரோக்யதூத்’ என்று பெயரிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு மூச்சு கொடுப்பது, எடை குறைந்த குழந்தையைச் சூட்டோடு வைத்திருப்பது, தாய்ப்பால் கொடுக்க உதவுவது, கிருமித்தொற்று கண்டால் ஜென்டாமைசின் ஊசி போடுவது வரை எல்லாம் அதில் உண்டு. 47 கிராமங்களை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். மூன்றாம் ஆண்டில் பயிற்சி நடந்த கிராமங்களில் இறப்பு 1,000-க்கு 25 என்ற அளவுக்கு இறங்கியது. மற்ற கிராமங்களில் 60-ஐ ஒட்டியே நின்றது. கிருமித்தொற்று வந்த குழந்தைகளில் இறந்தவர்கள் 16.6 சதவீதத்திலிருந்து 2.8 சதவீதமாகக் குறைந்தார்கள். 1999 டிசம்பரில் ‘லான்செட்’ மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. கிராமத்துப் பெண் கையில் ஊசியா என்ற கேள்விக்குக் கணக்கே பதிலாக நின்றது.

கணக்கை விட எனக்கு மனதில் பதிந்தது பயிற்சி நடந்த விதம். ஒரு குடிலில் பாயை விரித்துப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பொம்மை. பயிற்சி தரும் தாயி (மராத்தியில் அக்காவை அப்படித்தான் அழைக்கிறார்கள்) பொம்மையை ஈரத் துணியில் சுற்றி ஓர் இளம்பெண் கையில் கொடுத்தார். “பொறந்துடுச்சு. அழலை. என்ன செய்வே?” அந்தப் பெண் ஈரத் துணியை உதறி எறிந்தாள். உலர்ந்த துணியை எடுத்துத் தலை, முதுகு, கால் என்று துவட்டினாள். முதுகுத்தண்டை ஒட்டி உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தேய்த்தாள். “இன்னும் அழலை.” பொம்மையைத் தரையில் மல்லாத்தி, தோளுக்கடியில் மடித்த துணி ஒன்றைச் செருகினாள். தாடை லேசாக மேலே எழும்பியது. முதலில் வாய், பிறகு மூக்கு என்று சளியை உறிஞ்சி எடுத்தாள். அம்பு பையின் முகமூடியை வைத்தபோது அதன் விளிம்பு பொம்மையின் கண்மேல் பட்டது. தாயி விரலால் தட்டி, “கண்ணை விடு. தாடையும் மூக்கும் போதும்” என்றார். அவள் சரிசெய்துகொண்டு பையை அமுக்கினாள். எல்லோர் பார்வையும் பொம்மையின் நெஞ்சில். நெஞ்சு எழுந்தால்தான் காற்று உள்ளே போகிறது. எழவில்லையென்றால் முகமூடியைத் திரும்ப வைக்க வேண்டும்.

பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்கு முதல் மூச்சுவிட ஏதாவது ஓர் உதவி தேவைப்படும். பெரும்பாலானவற்றுக்குத் துவட்டித் தேய்த்துவிட்டாலே போதும். சில குழந்தைகளுக்கே பை தேவை. அந்த உதவி எல்லாமே பிறந்த முதல் நிமிடத்துக்குள் கிடைக்க வேண்டும். எந்த ஆம்புலன்ஸும் அதற்குள் வராது.

வெளியே நின்றிருந்த ஓட்டுநர்த் தம்பியின் கதையைத் தாயியிடம் சொன்னேன். அவர் எழுந்து போய்த் தம்பியைக் கையோடு உள்ளே அழைத்து வந்தார். வெட்கத்தில் நெளிந்தவர் கையில் பொம்மையை வைத்தார். “தலை வெளியே தெரிஞ்சா வண்டி எங்கேயும் போகக் கூடாது. ஓரமா நிறுத்தணும். ஓடுற வண்டியில யார் குழந்தையைப் பிடிக்கிறது?” என்றார். பிறகு கையில் எந்தக் கருவியும் இல்லாதவர் செய்ய வேண்டியதை விரல்விட்டுச் சொன்னார். குழந்தையை வெளியே இழுக்கக் கூடாது. அதுவாக வரும்போது கையில் தாங்கினால் போதும். துவட்டு. தாயின் வெறும் நெஞ்சின்மேல் போடு. இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்து, குழந்தையின் தலையையும் மூடு. மார்பில் பால் குடிக்க வை; குழந்தை சப்பினால் கர்ப்பப்பை சுருங்கும், ரத்தப்போக்கு குறையும். “கொடியை?” என்றார் தம்பி. “வெட்டாதே. இழுக்காதே. நஞ்சு தானா வந்தா அதையும் குழந்தை பக்கத்துலயே வச்சுச் சுத்திக் கொண்டு வா.” அவர் பொம்மையை நெஞ்சோடு அணைத்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் சிரித்தார்கள்.

தானோரா சாலை

அதே சாலையில் மேலே போனால் மேண்டா லேகா. தங்கள் காட்டின்மீது சமூக உரிமையை 2009-இல் சட்டப்படி பெற்று, 2011-இல் தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்கத் தொடங்கிய கோண்டு கிராமம். அங்கே எந்த முடிவையும் பெரும்பான்மையால் எடுப்பதில்லை. எல்லோரும் ஒப்புக்கொள்ளும்வரை பேசுகிறார்கள். பல்லார்பூர் ஆலைக்கு மூங்கில் போன கதையின் மறுபாதி இங்கே இருக்கிறது. ஊரைத் தாங்களே பார்த்துக்கொள்ள முடியும் என்று நம்புகிறவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய என்பது அந்த ஊர் வழியே போகும்போது புரிகிறது.

நாங்கள் தேடிப்போன மருத்துவச்சி ஆஜி வேறொரு சிற்றூரில் இருந்தார். ஆஜி என்றால் பாட்டி. வயதைக் கேட்டால் சிரித்தார். ஊரில் பாதிப்பேர் என் கையில் விழுந்தவர்கள், அவர்களைக் கேள் என்றார். திண்ணையில் இலுப்பைக்கு நெருங்கிய சொந்தமான மஹுவாவின் உலர்ந்த பூவைப் பரப்பி வைத்திருந்தார். ஒரு பிடி அள்ளி என் கையில் போட்டார். உலர்திராட்சை போல இனிப்பு, கடைசியில் ஒரு கசப்பு.

அந்தக் காலத்துப் பிரசவத்தைப் பற்றிக் கேட்டேன். மூங்கிலைச் சீவிய கூரான துண்டால் கொடி அறுத்ததைச் சொன்னார். கர்ப்பிணி அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெரிதாகிப் பிரசவம் கஷ்டமாகும் என்று சோற்றைக் குறைத்ததைச் சொன்னார். பிறகு ஒன்று சொன்னார். “பிள்ளை விழுந்ததும் தரையில அப்படியே கிடக்கும். நஞ்சு வர்றவரைக்கும் எல்லாரும் தாயையே பார்த்துக்கிட்டு இருப்போம். தாய் பிழைச்சா போதும்னு இருக்கும். பிள்ளை அழுதா அதோட அதிர்ஷ்டம்.”

கட்சிரோலி கண்டுபிடித்த ஓட்டை இதுதான். பிரசவ அறையில் ஆபத்திலிருப்பது இரண்டு உயிர். உதவுகிற கை ஒரே ஒரு ஜோடி. ஆரோக்யதூத் வந்தபோது ஆஜியை யாரும் வெளியே அனுப்பவில்லை. தாயைப் பார்க்கும் பொறுப்பு ஆஜியிடமே இருந்தது. பிள்ளையைப் பார்க்க மட்டும் இன்னொருத்தி வந்தாள். இந்த ஊரின் ஆரோக்யதூத் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். “முதல்ல ஆஜி என்னை நம்பலை. நான் பிள்ளை பெத்தவளே இல்லையே அப்போ!” என்றார். ஆஜி மறுக்கவில்லை.

ஆஜியும் பயிற்சி பெற்றவர்தான், அதற்கும் முன்னால். 1980-களின் பிற்பகுதியில் குழந்தைகளின் நிமோனியாவைக் கண்டுபிடிக்க இந்த வட்டார மருத்துவச்சிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ண வேண்டும். அவர்களில் பலருக்கு எழுத்து தெரியாது. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணிப் பழக்கமும் இல்லை. அதற்காகவே ‘மூச்சு எண்ணி’ ஒன்றைச் செய்தார்கள். ஒரு பலகையில் ஒரு நிமிட மணற்கடிகாரம், அதையொட்டி இரண்டு வரிசை மணிகள். பத்து மூச்சுக்கு ஒரு மணியைத் தள்ள வேண்டும். மணல் இறங்கி முடிவதற்குள் கடைசியிலிருக்கும் சிவப்பு மணியைத் தள்ளும்படி ஆகிவிட்டால் நிமோனியா. மருந்து கொடுக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒரு வரிசை, பெரிய குழந்தைக்கு இன்னொன்று. ஆஜி விரலை நீட்டிக் காற்றில் மணியைத் தள்ளிக் காட்டினார். பெரிய படிப்பைச் சின்ன மணியில் கோத்துக் கொடுத்தவர்களின் புத்தி அந்த விரலில் இன்னும் இருந்தது.

இப்போது இந்த ஊரிலும் பெரும்பாலான பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆரோக்யதூத் அதைத்தான் விரும்புகிறார். நாள் நெருங்கியவர்களை அவரே விரட்டி அனுப்புகிறார். “ஆனா வலி நம்மகிட்ட நாள் கேட்டுக்கிட்டா வருது?” என்றார். கிளம்பும்போது ஒரு லோட்டாவில் அம்பில் கொடுத்தார்கள். புளித்த கூழ். வெயிலுக்கு வயிறு குளிர்ந்தது.

ஆலாப்பள்ளி

கட்சிரோலிக்குத் திரும்பித் தெற்கே சாமோர்ஷி, ஆஷ்டி வழியாக ஆலாப்பள்ளி. இங்கே தேக்கு வானத்தை மறைக்கிறது. கடைப் பலகைகளில் மராத்தி, பேச்சில் தெலுங்கு, சந்தைக்கு வந்தவர்கள் தங்களுக்குள் கோண்டி. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசினார் தேநீர்க் கடைக்காரர்.

இந்தக் காட்டுக்குள் மாடியா கோண்டுகளின் சில ஊர்களில் ஊருக்கு வெளியே சிறு குடிசை ஒன்று இருக்கும். ‘குர்மா கர்’ என்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் பெண்கள் அங்கேதான் தங்க வேண்டும். சில ஊர்களில் தொண்டு நிறுவனங்கள் அதைக் கட்டிலும் கழிப்பறையுமாக மாற்றிக் கட்டியிருக்கின்றன. தீட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. எதிர்பாராத பிரசவத்தில் உதவ ஆள் வராததற்கு அறியாமை பாதிக் காரணம் என்றால், இந்தத் தீட்டும் கூச்சமும் மறுபாதி. தங்கைக்கு ஜீப்பிலேயே பிரசவமானபோதும் நம் ஓட்டுநர்த் தம்பி ஓட்டிக்கொண்டே இருந்தாரே, அவருக்கு யார் எப்போது சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், பார்க்கலாம், தொடலாம் என்று?

நாம் இவர்களைப் பார்த்து உச்சுக்கொட்ட இடமில்லை. நம் கிராமங்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சிகள் பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்கள். ஊரின் எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் கையில் ஏந்தியவர்களுக்குக் கூலியாகப் படி நெல்லும் பழைய புடவையும் கொடுத்து, வீட்டுக்குள் வந்த தீட்டைக் கழுவிவிட்டோம். அருவருப்பான வேலை என்று ஒரு சாதியின் தலையில் கட்டியதால், அந்த அறிவும் அந்தச் சாதியோடேயே நின்றது. ஆஸ்பத்திரி வந்தது நல்லது. மருத்துவச்சியின் மகள் அந்தத் தொழிலை விட்டு வெளியேறியது அதைவிட நல்லது. ஆனால் அவர் கையில் இருந்த அறிவை வாங்கிக்கொள்ள வேறு யாரும் கை நீட்டவில்லை. கட்சிரோலியில் நடந்தது இதற்கு நேரெதிர். கையை மாற்றினார்கள், கருவியை மாற்றினார்கள், மூங்கில் சீவலைத் தூக்கியெறிந்தார்கள். ஊருக்குள் அறிந்தவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதை மட்டும் விடவில்லை.

ஹேமல்கசா, பாமராகட்

ஆலாப்பள்ளிக்கு அப்பால் சாலை குறுகிக் காடு நெருங்கியது. பேரிமிலி பக்கம் ஓரிடத்தில் தம்பி வண்டியை மெதுவாக்கி, “இங்கேதான் அக்கா” என்றார். ஒரு வளைவு, இரண்டு பக்கமும் மரம். செல்போனில் ஒரு கோடுகூட இல்லை. 108 என்று அழைக்க வேண்டுமானால் முதலில் சிக்னல் தேடிப் போக வேண்டும்.

ஹேமல்கசாவில் பாபா ஆம்தே 1973-இல் தொடங்கிய ‘லோக் பிராதரி’ திட்டம் இருக்கிறது. அவர் மகன் பிரகாஷும் மருமகள் மந்தாகினியும், இரண்டு பேரும் மருத்துவர்கள், சாலையும் மின்சாரமும் இல்லாத காலத்தில் இங்கே வந்து மரத்தடியில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். 2008-இல் இருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. வளாகத்து மருத்துவமனை முற்றத்தில் மாடியா குடும்பங்கள் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். நோயாளி ஒருவர், கூட வந்தவர்கள் ஐந்தாறு பேர். நம் அரசு ஆஸ்பத்திரியில் காவலாளி அவர்களை வெளியே துரத்திக்கொண்டிருப்பார்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பாமராகட். பர்ல்கோட்டா, பாமுல்கௌதம், இந்திராவதி என்று மூன்று ஆறுகள் கூடுமிடம். கரையில் நின்றால் எதிர்ப்புறம் சத்தீஸ்கர் காடு. தண்ணீர் இறங்கியிருந்தது. ஆனால் பாலத்தின் கைப்பிடியில் வெள்ளம் கொண்டுவந்து மாட்டிய செத்தையும் கந்தலும் தலைக்குமேல் தொங்கின. மழைக்காலத்தில் பர்ல்கோட்டா பெருகிப் பாலத்தை மூழ்கடித்தால் பாமராகட் வெளியுலகிலிருந்து துண்டிக்கப்படும். 2024 ஜூலையில் இந்தத் தாலுகாவில் சாலையை அறுத்துப்போன ஓர் ஓடையைக் கடக்க ஒரு கர்ப்பிணியை ஜேசிபி எந்திரத்தின் வாளியில் உட்காரவைத்துத் தூக்கிவிட்டார்கள். நாடெங்கும் அந்தப் படம் செய்தியானது.

இதற்காகவே ‘மாஹேர் கர்’ என்ற ஏற்பாட்டை மகாராஷ்டிர அரசு பழங்குடிப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களில் செய்திருக்கிறது. மாஹேர் என்றால் பிறந்தவீடு. நாள் நெருங்கிய பெண் துணைக்கு ஓர் ஆளோடு முன்கூட்டியே வந்து தங்கலாம். தமிழ்நாட்டு மலைப்பகுதிகளிலும் பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் வீட்டில் மற்ற பிள்ளைகளும் ஆடுமாடும் அறுவடையும் இருக்கும்போது எத்தனை நாள் முன்னதாக வந்து காத்திருப்பது? வந்தவர்கள் உண்டு, வராமல் வழியில் பெற்றவர்களும் உண்டு. கரையில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம் அவர் பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று தம்பி கேட்டார். ஒன்று வீட்டில், ஒன்று ஆஸ்பத்திரியில், ஒன்று “நடுவில்” என்றார் அவர், மீனை நறுக்கிக்கொண்டே.

திரும்பும் வழி

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனைகளில் நடந்தது, தமிழ்நாட்டில் 99.6 சதவீதம். 24 மணிநேர ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், 2008-இலிருந்து ஓடும் 108 எல்லாம் சேர்ந்து சாதித்தது. கட்சிரோலிக்காரர்கள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமை நமக்கு வேண்டியதுதான். ஆனால் அந்த 99.6-க்குள் ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே பிள்ளை வந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள். ஓடும் பேருந்தில், ரயில் நிலைய நடைமேடையில், ஆம்புலன்ஸிலேயே குழந்தை பிறந்தது என்ற செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. சென்னை வெள்ளத்தில் படகில் ஏற்றிய கர்ப்பிணிகளை நாம் பார்த்திருக்கிறோம். வெள்ளகவி போன்ற மலையூர்களில் தூளி கட்டித் தூக்கி இறங்கியவர்களும் நம்மவர்கள்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்றதில் ஒரு தாய் ரத்தப்போக்கால் இறந்தார். அதே சமயத்தில் வீட்டுப் பிரசவத்துக்கு ஒருநாள் பயிற்சி என்று விளம்பரம் செய்தவரைக் கோவையில் போலீஸ் கைது செய்தது. அதன்பிறகு பிரசவப் பயிற்சி என்ற பேச்சை எடுத்தாலே அதிகாரிகள் முகம் சுளிக்கிறார்கள். ஆஸ்பத்திரியை வேண்டாம் என்று சொல்லும் பயிற்சி வேறு. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிரைப் பிடித்துவைக்கும் பயிற்சி வேறு. ஷோத்கிராமின் தாயி வாயிலிருந்து வீட்டிலேயே பெறு என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை. கட்சிரோலி முறையை நாடு முழுக்கக் கொண்டுபோக மத்திய அரசு 2011-இல் வீட்டுவழிப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையையும் ஆஷா பணியாளர் 42 நாளுக்குள் ஆறு முறை வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறார். வீட்டில் பிறந்தால் முதல் நாளும் சேர்த்து ஏழு முறை.

நம்மிடம் ஆள் இல்லாமல் இல்லை. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இல்லாத ஊர் இல்லை. பேருந்து நடத்துநர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், ரயில்வே போலீஸார் இருக்கிறார்கள். சாலை விபத்தில் அடிபட்டவரை எப்படித் தூக்குவது என்று சொல்லித்தருகிற அரசு, அதே வகுப்பில் ஒரு பொம்மையையும் ஒரு துண்டையும் வைத்து இதையும் சொல்லித்தர வேண்டும். அரைநாள் போதாது. ஆண்டுக்கு ஒருமுறை திரும்பச் செய்து பார்த்தால்தான் கை மறக்காமல் இருக்கும். ஆண்களுக்கும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

அந்த வகுப்பு வரும்வரை வாசகர்கள் இவ்வளவையாவது நினைவில் வையுங்கள். வழியில் பிரசவ வலி முற்றித் தலை தெரிந்தால் வண்டியை ஓரம் கட்டுங்கள். மூன்று பேரைப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் தாய்க்கு, ஒருவர் பிள்ளைக்கு, ஒருவர் போனுக்கு. போன்காரர் 108-ஐ அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டு, எதிர்முனையில் சொல்வதை உரக்கத் திருப்பிச் சொல்லட்டும். பிள்ளைக்கு இருப்பவர் உலர்ந்த துணியால் துவட்டி, முதுகைத் தேய்த்து, தாயின் நெஞ்சில் போட்டு மூடட்டும். தாய்க்கு இருப்பவர் அவரைப் படுக்கவைத்துப் போர்த்தி, ரத்தம் நிற்காமல் போகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்து போன்காரரிடம் சொல்லட்டும். கொடியை யாரும் வெட்ட வேண்டாம், இழுக்க வேண்டாம், அதன்மேல் சாம்பலோ சாணமோ எதையும் தடவ வேண்டாம். குழந்தை அழுதாலும், தாய் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும், இருவரையும் அன்றே மருத்துவமனையில் சேருங்கள்.